பச்சை பெயிண்ட் அடித்த வின்ச்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே சொந்தமாகச் செய்த துளை போடும் மெஷின், பழைய மோட்டாரில் ஓடும் சாணைக்கல், பட்டை வளைக்கிற எந்திரம் என்று ஒரு குட்டி ஒர்க்‌ஷாப்பே நடக்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூலையில் பாரம் தூக்கும் வின்ச் ஒன்று சிவப்புப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. "ஆயுத பூஜைக்கு அடிச்சது சார், எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பெயிண்டைச் சுரண்டுங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

ஏன் சுரண்டச் சொன்னேன் என்று அங்கேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தொழிலுக்குச் செய்கிறவர்களும் சரி, ஆசைக்குச் செய்கிறவர்களும் சரி, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எப்படிப் பற்றவைப்பது, எப்படிக் கடைவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கீரனூரில், திருச்சி ரோட்டோரம் ஆயில் எஞ்சின் ரிப்பேர் செய்கிற பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தேன். அந்தப் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சர்க்கார் ஆபீஸ் கிளார்க் குடியிருந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் கெட்டவரைக்கும் போதும். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், ஊர் கிளார்க்கய்யா என்று கூப்பிடும்.

பகலெல்லாம் பேனா பிடிக்கிற அந்த மனுஷனுக்குச் சாயங்காலமானால் கை அரிக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. வண்டியும் மாடும் அவர் அப்பா காலத்தோடு போய்விட்டன. அந்த இடத்தில் இவர் உலை போட்டுவிட்டார். உலைக்குக் காற்று ஊத சைக்கிள் சக்கரம், துளை போட தையல் மெஷின் பெடல், பட்டறைக்கல்லுக்குப் பதில் தண்டவாளத் துண்டு. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைக்கூட தானே செய்துகொண்டார். எங்கள் பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். "ஏண்ணே, நாங்க வயித்துக்காக இதுல வேகுறோம், ஒங்களுக்கு என்ன வேண்டுதலா?" என்று கேட்பேன். கோபமே வராது அவருக்கு. அவர் மனைவிதான் பொரிந்து தள்ளுவார். "வீட்டுல ஒரு கதவுத் தாப்பா விழ மாட்டேங்குது தம்பி. இவரு ஊருக்கெல்லாம் எஞ்சின் தூக்கப் போறாரு!"

எஞ்சின் தூக்குவது என்று அவர் சொன்னது நிஜம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. மேலே எஞ்சினை வைத்தால் தண்ணீர் எட்டாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை வெட்டி, அதில்தான் எஞ்சினை இறக்கி வைப்பார்கள். ஐப்பசி மழை வந்து தண்ணீர் மேடைக்கு ஏறுவதற்குள் அதை வெளியே தூக்கியாக வேண்டும். முங்கினால் எஞ்சின் போச்சு. மாடு இருந்த காலத்தில் மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். எஞ்சின் வந்ததும் பல பேர் இறைக்கிற மாட்டை விற்றுவிட்டார்கள். அந்தச் சங்கடத்தைப் பார்த்துத்தான் அண்ணன் இரண்டு வின்ச் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் உருளையில் கயிறு சுருளும். உருளையோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லிலும் ஓர் இரும்புத் துண்டு 'டக் டக்' என்று விழுந்துகொண்டே வரும். சுற்றுகிறவன் கையை எடுத்தாலும் பாரம் திரும்பி இறங்காமல் பிடித்து நிறுத்துவது அந்தத் துண்டுதான். நாங்கள் அதை நாக்கு என்போம். இரண்டு வின்ச்சுக்கும் இரண்டு நாக்கு. ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டியது. ஒரே நாளில், ஒரே உலையில் காய்ச்சி, ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கிக் கெட்டிப்படுத்தியது. அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன்.

கேட்கிறவர்களுக்கு அந்த வின்ச்சைச் சும்மா கொடுப்பார். தானும் கூடப்போய் நிற்பார். பெருமைதான் அவருக்குக் கூலி.

வழக்கமாக ஆயுத பூஜைக்குச் சாமான்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வருஷம் ஆபீஸ் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட் ஒரு டப்பாவில் கிடைத்தது. விட்டாரா? கொட்டகையில் இருந்த எல்லாவற்றுக்கும் பச்சை அடித்துவிட்டார். வைஸ் பச்சை, உலைச் சக்கரம் பச்சை, இரண்டு வின்ச்சும் உச்சி முதல் அடி வரை பச்சை. நான் வேதக்காரன், கிறிஸ்தவன். இருந்தாலும் பொரிகடலைக்குப் போவேன். போய்ப் பார்த்தால் கிளிக் கூட்டம் இறங்கிய மாதிரி இருந்தது கொட்டகை. பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். வெள்ளைச்சாமி என்ற விவசாயியும் அன்றைக்கு வந்திருந்தார். ஊருக்கு வெளியே கிணறும் கொஞ்சம் புஞ்சையும் வைத்திருந்தவர். வின்ச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜை முடிந்த சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வின்ச்சைக் குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரர்கள் முதல் நாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றொன்றை எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் காலையிலேயே வெள்ளைச்சாமி கிணற்றுக்குப் போனோம். தண்ணீர் மேடைக்கு ஒரு முழம் கீழே நின்றது. வெள்ளைச்சாமி உள்ளே இறங்கி எஞ்சினுக்குக் கயிறு கட்டினார். அவர் மனைவி பொன்னம்மா கிணற்று மேட்டில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, கட்டிட்டு மேல வந்துருங்க. தூக்குறப்ப கீழ ஆள் வேணாம்" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

"செவுத்துல இடிக்கும் கிளார்க்கய்யா. நான் ஒதுக்கிவிட்டாத்தான் வரும்."

"சொன்னாக் கேளுங்கண்ணே."

"அட, பூசை போட்ட சாமான். இன்னும் பொட்டுகூட அழியல. புதுசாட்டம் வச்சிருக்கீங்க. என்னா ஆயிரும்? சுத்துங்க!"

அண்ணன் என்னைப் பார்த்தார். மழையில் நனைந்த அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தான் செய்த சாமானை ஒருத்தன் அவ்வளவு நம்பினால் யாருக்குத்தான் வராது? உங்களுக்கும் வரும். அந்தச் சிரிப்பு வருகிற நேரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துச் சுற்றினோம். எஞ்சின் மேடையை விட்டு எழும்பியது. கொஞ்சம் ஏறியதும் சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லின் அடியில் போய் மாட்டிக்கொண்டது. "நிப்பாட்டுங்க!" என்று கீழிருந்து சத்தம் வந்தது. நிறுத்தினோம். பாரம் முழுவதும் நாக்கில் நின்றது. வெள்ளைச்சாமி கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். எஞ்சின் கல்லை விட்டு விலகி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான். நாக்கு ஒடிந்தது. இரும்பு ஒடிகிற சத்தம் ஒன்றும் பெரிதாக இருக்காது. கைப்பிடி பேய் பிடித்த மாதிரி எதிர்ப்பக்கம் சுற்றி அண்ணன் தோளில் அடித்தது. என்னைச் சேற்றில் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு கிணற்றுக்குள் கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

உச்சிப்பொழுது தாண்டித்தான் வெள்ளைச்சாமியை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. ஊரே கூடிவிட்டது. கிராம முன்சீப் வந்தார். "மழையில கயிறு வழுக்கிருச்சு", "அவன் விதி, கெணறு காவு வாங்கிருச்சு", "கிளார்க்கய்யா என்ன செய்வாரு, பாவம்" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவரும் அண்ணனைக் குற்றம் சொல்லவில்லை. தோள்பட்டை எலும்பு ஒடிந்து, துண்டால் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு அவர் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

நான் வின்ச் அருகே சேற்றைக் கிளறி நாக்கின் துண்டைத் தேடி எடுத்தேன். தேங்கிய தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பாதி வெள்ளி மாதிரி மின்னியது. அது அன்று ஒடிந்தது. மீதிப் பாதி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பின் ஓரத்தில் பச்சை பெயிண்ட் உள்ளே இறங்கி உறைந்திருந்தது. உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்றால், பூசிய அன்றே விரிசல் வாய் திறந்து இருந்திருக்கிறது. வழக்கம்போல வெறும் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் ஒரு துருக்கோடு கண்ணில் பட்டிருக்கும். பூஜைக்கு அழகு செய்கிறோம் என்று அந்தக் கோட்டின்மேல் பச்சையைத் தடவி, அதன்மேல் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டோம்.

அதை நான் அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை விட்டிருச்சு தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"மழை விட்டதும் தூக்குறம்னு சொல்லிட்டுப் போனாங்கள்ல, குன்றாண்டார்கோயில்காரங்க. அங்கிட்டும் ஒருத்தன் எறங்கி நிப்பான்."

"நீங்க இருங்கண்ணே. நான் சைக்கிள்ல போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"நீ சொன்னா எஞ்சின முங்க விட்டுட்டு ஒக்காந்திருப்பாங்களா? செஞ்சவன் நான் போய்ச் சொன்னாத்தான் கேப்பாங்க. எந்திரி, எந்திரி."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாய் மூடி உட்கார்ந்திருந்தால் அவர் தப்பித்தார். ஊரே அவருக்கு விதி என்று சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. எழுந்து போனால், பிணத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்பார்கள். போகிற இடத்திலோ, என் சாமான்தான் ஆளைக் கொன்றது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தலையாரி குறுக்கே வந்து மறித்தார். "எங்க போறீங்க? போலீஸ் வரும், ஒங்களத்தான் மொதல்ல கேப்பாங்க."

அண்ணன் அவரை விலக்கிக்கொண்டு நேரே பொன்னம்மாவிடம் போனார். நின்றபடியே சொன்னார். "ஆத்தா, கயிறு வழுக்கல. என் சாமான் ஒடஞ்சுதான் அவரு போனாரு. வேற ஒரு கெணத்துல இதே சாமான் போட்டுத் தூக்கப் போறாங்க. நான் போயி நிறுத்திட்டு வந்துர்றேன். வந்து ஒங்க கால்ல விழுறேன்."

பொன்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "புதுசாட்டம் இருக்கு, பயமில்லடின்னு சொல்லிட்டுத்தானே காலைல வந்தாரு" என்றார். அடுத்து சாபம்தான் வரும் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க. அங்கிட்டும் ஒருத்தி நின்னுக்கிட்டிருப்பா" என்றார்.

அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். ரோடெல்லாம் சேறு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோள் எலும்பு உரசி, பின்னால் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. "வேகமா போ, வேகமா போ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. குன்றாண்டார்கோவில் தாண்டி அந்தக் கிணற்றுக்குப் போனபோது கயிறு தொங்கவிட மூன்று கால் நாட்டி, வின்ச்சில் கயிறு பூட்டி, சுற்றுவதற்கு ஆள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்கள். கீழே அந்த வீட்டு மூத்த மகன் எஞ்சின் பக்கத்தில் நின்றான். தண்ணீர் மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சுத்தாதீங்க! தம்பி, மேல ஏறி வா!" என்று அண்ணன் கத்தினார். சைக்கிள் நிற்பதற்குள் குதித்து, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். ஒற்றைக் கையால் நாக்கை மாட்டியிருந்த ஆணியைத் தட்டி உருவினார். நாக்கு அவர் கையோடு வந்துவிட்டது. வீட்டுப் பெரியவருக்கு ஆத்திரம். அண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யோவ், ஒமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னுங் கொஞ்ச நேரத்துல முங்கிரும்யா!"

"முங்கட்டும். ஆளை மேல கூப்புடுங்க."

"பூசை போட்டுத்தானய்யா குடுத்தீரு!"

அண்ணன் மடியிலிருந்து ஒடிந்த துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுக்கும் பூசை போட்டேன். காலைல வெள்ளைச்சாமியக் கொன்னது இதுதான். அவரு இன்னும் எடுக்காமக் கெடக்குறாரு."

பெரியவர் சட்டையை விட்டுவிட்டார். மகன் மேலே ஏறி வந்தான். அண்ணன் நாக்கை என்னிடம் கொடுத்தார். கத்தியால் பெயிண்ட் முழுவதையும் சுரண்டினேன். சுற்றி நின்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரும்பு சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு கோடு இல்லை.

"எங்கய்யா விரிசல்?" என்றார் பெரியவர்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் நாக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தெரியல" என்றார்.

"அப்பொறம் என்ன? குடும். மாட்டித் தூக்குறோம்."

"மாட்டேன்."

"நல்லாத்தானய்யா இருக்கு!"

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. அதும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே பட்டை. குடுக்க மாட்டேன்." நாக்கை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னால் அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது. பூட்டி இழுக்க மாடு இல்லை. வெறும் கையால் இழுத்துப் பார்த்தார்கள், சேற்றில் கால் நிற்கவில்லை. நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது எஞ்சினின் சக்கரம் முங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் இழவு விழுந்த மாதிரி அழுதார்கள்.

தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் அந்த எஞ்சினை நான்தான் பிரித்தேன். கூலி வேண்டாமென்று சொல்லி எவ்வளவோ சரிசெய்து பார்த்தேன். உள்ளே துரு தின்றுவிட்டது. ஓடவேயில்லை. கீரனூர்ப் பக்கம் அண்ணனுக்கு ஆளைக் கொன்ற கிளார்க் என்று பெயர் வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் எஞ்சினைக் கொன்ற கிளார்க் என்று பெயர் வந்தது. கிணற்றிலிருந்து ஏறி வந்த அந்த மூத்த மகனை ரொம்ப வருஷம் கழித்து ஒரு பஸ்ஸில் பார்த்தேன். பிள்ளை குட்டியோடு நன்றாக இருந்தான். பேச்சுவாக்கில், "அந்தாளு கூறுகெட்டத்தனமா வந்து எங்க குடும்பத்தையே கவுத்துட்டாருங்க" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொன்னபடி அண்ணன் பொன்னம்மா காலில் விழுந்தார், போலீசிடமும் உள்ளதைச் சொன்னார். கேஸ் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவருக்கு அதுவும் ஒரு தண்டனையாகத்தான் இருந்தது.

தோள் எலும்பு கூடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே போனேன். கொட்டகையில் எல்லாச் சாமானிலும் பெயிண்டைச் சுரண்டியிருந்தார். பச்சைச் செதில் தரையெல்லாம் கிடந்தது. அந்த இரண்டாவது நாக்கு வைஸில் இறுக்கி நின்றது.

"என்னால அடிக்க முடியாது. நீ அடி தம்பி."

"எதுக்குண்ணே இது? விடுங்க."

"அடின்னா அடி."

சம்மட்டியால் அடித்தேன். கணீரென்றது. "இன்னும்" என்றார். மறுபடி அடித்தேன். "இன்னும் பலமா." கை எரிகிற வரைக்கும் அடித்தேன். அவர் கண்ணை எடுக்காமல் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒடிந்துவிடு, ஒடிந்துவிடு என்று என் மனசும் கெஞ்சியது. ஒடிந்தால், அந்தக் கிணற்றில் ஓர் உயிரையாவது காப்பாற்றினோம் என்று அந்த மனுஷன் கொஞ்சம் தூங்குவார். கடைசியில் அவர் செய்த வைஸின் தாடைதான் பிளந்து விழுந்தது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் குனிந்து அதை எடுத்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி" என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் அந்த உலையை மூட்டவில்லை.

தம்பிகளா, பாரம் தாங்குகிற எதற்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். பொட்டு வைக்க ஆசையாக இருந்தால் கைப்பிடியில் வையுங்கள், கொக்கியிலும் நாக்கிலும் வேண்டாம். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு போட்டுக் காட்டும். இது வேலை. இதைக் கற்றுக்கொள்வது சுலபம்.

மற்றது சுலபமில்லை. ஒரு நாள் நீங்களும் சந்தேகத்தின் பேரில் ஒரு நல்ல சாமானைக் கழற்றிவிடுவீர்கள். அதனால் ஒருவர் குடி கெட்டுப்போகும், ஊர் திட்டும். பிறகு அது நல்ல சாமான்தான் என்றும் தெரியவரும். நீங்கள் செய்தது சரிதான் என்று சொல்ல அப்போது ஒருத்தரும் வர மாட்டார்கள். இருந்தாலும் கழற்றுங்கள். அந்த நாக்கு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் எடுத்துப் பாருங்கள், இன்றுவரை அதில் ஒரு கோடுகூட இல்லை.